முப்பத்திரண்டாயிரம் பேசோ

ஒவிதியோவின் கடையில் பகல் பதினொரு மணிக்கு
எல்லா விளக்கும் நல்ல விளக்குதான்.
ஷட்டரை இறக்கச் சொன்னேன்.
"வியாபார நேரம், நூபியா."
"நான் ஓட்டுவது விடியற்காலை நாலரைக்கு."
முனகிக்கொண்டே இறக்கினான்.

என்ஜின் ஆயில் காலண்டருக்குக் கீழே
எங்களுக்கு ஒரு துண்டுச் சுவர் கிடைத்தது.

முதலாவதின் அட்டையில் பத்தாயிரம் லூமன் என்று
தங்க எழுத்தில் ஒரு பொய்.
நீல வட்டம்; நடுவில் கண் கூசும்,
சுற்றிலும் ஒன்றுமில்லை.
அடுத்தது ஒன்பது விதமாய் மினுக்கும்.
நேராய் எரிய வைக்க
எட்டு முறை அழுத்த வேண்டும், அதுவும் கையுறையோடு.
மூன்றாவது ஜெர்மன் சரக்கு.
விலையைக் கேட்டுவிட்டு
சத்தம் வராமல் திருப்பி வைத்தேன்.

நாலாவது மங்கல்தான்.
ஆனால் அதன் வெளிச்சத்துக்கு ஒரு மேல்விளிம்பு இருந்தது,
கத்தரித்தாற்போல.
விளிம்புக்குக் கீழே அகலமாய்ப் பரவியது,
மேலே காலண்டர் பெண் இருட்டிலேயே சிரித்தாள்.
"எதிரே வருகிறவன் உன்னைத் திட்டமாட்டான்" என்றான்.
முப்பத்திரண்டாயிரம் பேசோ.
முப்பதுக்குக் கேட்டேன்.
ஷட்டர் இறக்கிய கூலி இரண்டாயிரம் என்றான்.

வீட்டில்தான் தெரிந்தது
கவ்வி தடித்த ஹேண்டில்பாருக்கானது என்று.
என்னுடையது மெலிசு.
எவ்வளவு இறுக்கினாலும் ஒரு குலுக்கலில்
தலை கவிழ்ந்து சக்கரத்தைப் பார்த்தது.
பஞ்சரான பழைய டியூபில் இரண்டு விரல் அகலம் வெட்டி
இரண்டு சுற்று.
ஸ்க்ரூடிரைவர் இல்லை, வெண்ணெய்க் கத்தி.
பிரேக் ஒயர் குறுக்கே நிழல் போட்டது,
ஒரு விரல்கடை நகர்த்தினேன்.
பிறகு எதிர்வீட்டுச் சுவரில் விளக்கின் உயரத்துக்கு
சாக்பீஸால் கோடு கிழித்து,
எட்டு அடி தள்ளி நின்று
வெளிச்சத்தின் விளிம்பைக் கோட்டுக்குக் கீழே இறக்கினேன்.
டோன்யா எர்சிலியா ஜன்னலைத் திறந்தாள்.
"என் சுவரில் என்னடி தேடுகிறாய்?"
"ரோட்டை."

திங்கட்கிழமை. மூடுபனி.
ஃபுன்சாவிலிருந்து ரோஜாக் கூடாரங்களுக்குப் போகும் வழியை
மூன்று வருஷமாக மூக்கால் ஓட்டியவள் நான்.
யூகலிப்டஸ் வாசனை வந்தால் வளைவு,
சாக்கடை நாற்றம் வந்தால் குழி,
அப்புறம் நாய்.

குழி வந்தது.
யாரோ எப்போதோ அடைத்திருக்கிறார்கள்;
போட்ட தார் வெளுத்தும் போய்விட்டது.
இல்லாத குழிக்கு வழிவிட்டு
தினமும் லாரிகளின் பக்கம் ஒதுங்கியிருக்கிறேன்.

நாயும் வந்தது.
குரைப்பை வைத்து நான் போட்ட கணக்கில் பாதிகூட இல்லை.
கழுத்தில் கயிறு,
கயிற்றின் மறுமுனை கேட்டில்.
எப்போதுமே கட்டித்தான் வைத்திருந்தார்களா?
அன்றும் வேகமாகத்தான் மிதித்தேன்,
கால்களுக்கு இன்னும் சேதி போகவில்லை.

வளைவுக்கு அப்பால் என் வெளிச்சத்துக்குள்
ஒரு பின்சக்கரம் நுழைந்தது.
பேக்கிங் பிரிவு மரியேலா, விளக்கே இல்லாமல்.
முன்னால் விட்டேன், அவள் முதுகின் நிழல்
ரோட்டையே விழுங்கியது.
பின்னால் விட்டேன், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.
கடைசியில் பக்கம் பக்கமாக,
முழங்கைகள் இடித்துக்கொள்ள,
ஒரு விளக்குக்கு இரண்டு சைக்கிள்.
ஏழு நிமிடம் தாமதம்.
மேற்பார்வையாளர் கால்மணி நேரமாக வெட்டினார்.

விளக்கைக் கழற்றி ஏப்ரன் பையில் போட்டேன்.
ஸ்டாண்டில் விட்டால்
அது வேறு யாருக்கோ வழிகாட்டப் போய்விடும்.
ரோஜா வெட்டக் குனியும்போதெல்லாம்
இடுப்பில் இடித்தது,
எரிச்சலாகத்தான் இருந்தது.

இருட்டிய பிறகு திரும்பும்போது
பின்னாலிருந்து ஒரு லாரி
ஜாக்கெட் புடைக்கும் காற்றோடு கடந்து போனது.
முன்னால் இருப்பது எனக்குத் தெரிகிறது, சரி.
நான் இருப்பது
பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டுமே.

சனிக்கிழமை ஒவிதியோ
இன்னொரு தடவை ஷட்டரை இறக்க வேண்டியிருக்கும்.
இந்த முறை சிவப்பு.